ஸ்பிரிட்ஃபேரர்: சோறு போட்டு, கட்டிப்பிடித்து, வழியனுப்பி வைக்கும் ஒரு கேம்

துக்கத்தைப் பற்றி நல்ல கதை ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் நான் சொல்வது ஒரு வீடியோ கேமின் பெயரை. ஸ்பிரிட்ஃபேரர். கனடாவின் மான்ட்ரியாலில் இருக்கும் தண்டர் லோட்டஸ் என்ற நிறுவனம் 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் இருக்கிறது, 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் வழியாக மொபைலுக்கும் வந்தது. ரொம்பப் புதுசு இல்லை, ஆனால் இதைப் பற்றி இப்போதும் யாரிடமாவது பேச வேண்டும்போல இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கதையின் முக்கியமான இடங்களைத் தொடாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. எதுவும் தெரியாமல் ஆட விரும்புகிறவர்கள் ஆடிவிட்டு வந்து படியுங்கள்.

கதை எளிமையானது. கிரேக்கப் புராணத்தில் இறந்தவர்களைப் படகில் ஏற்றி மறுகரை சேர்க்கும் கேரன் என்று ஒருவர் உண்டு. அவர் ஓய்வு பெறுகிறார். அவருடைய வேலை ஸ்டெல்லா என்ற இளம்பெண்ணிடமும் டாஃபடில் என்ற அவளுடைய பூனையிடமும் வருகிறது. ஒரு கப்பல், ஒரு பெரிய கடல், ஆங்காங்கே தீவுகள். தீவுகளில் அலைந்துகொண்டிருக்கும் ஆன்மாக்களைக் கண்டுபிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொள்ள வேண்டும், அவர்களுக்கு என்ன பாக்கி இருக்கிறதோ அதைத் தீர்த்துவைக்க வேண்டும், அவர்களே 'நான் கிளம்பலாம்' என்று சொல்லும்போது எவர்டோர் என்ற வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும். அவ்வளவுதான். சண்டை கிடையாது. ஸ்டெல்லா சாகவும் மாட்டாள், தோற்கவும் மாட்டாள். கடிகாரம் எதுவும் உங்களை விரட்டாது.

சரி, அப்படியென்றால் முப்பது மணி நேரம் போல என்னதான் செய்கிறோம்? வேலை செய்கிறோம். உண்மையாகவே வேலைதான். ஒவ்வொருவருக்கும் கப்பல்மேல் ஒரு வீடு கட்ட வேண்டும். வீட்டுக்கு மரம் வேண்டும், மரத்தை அறுத்துப் பலகையாக்க வேண்டும். அறுக்கும்போது கோட்டை விட்டு விலகாமல் ரம்பத்தை நகர்த்தினால் பலகை கூடுதலாகக் கிடைக்கும். தறியில் நூல் நூற்க சரியான நொடியில் பட்டனை விட வேண்டும். உலையில் சூடு ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கோழி வளர்க்க வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், தூண்டில் கயிறு சிவப்பாக மாறினால் கையைத் தளர்த்த வேண்டும். அப்புறம் சமையல். இந்த கேமின் மனசு இருப்பது அடுப்படியில்தான். ஒவ்வொரு ஆன்மாவுக்கும் பிடித்த சாப்பாடு ஒன்று, பிடிக்காதது ஒன்று. முந்தின வேளை சாப்பிட்டதையே திரும்ப நீட்டினால் வாங்க மாட்டார்கள். யாருக்கு எது இறங்கும் என்பது உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மனப்பாடமாகிவிடும். பாதி கேம் போனபிறகு அடுப்பில் ஏதோ வேகும்போதே 'இது அவருக்குப் பிடிக்குமே' என்று தன்னால் தோன்ற ஆரம்பிக்கும். அந்தத் தோன்றல்தான் அவர்கள் இந்த கேமை உருவாக்கியதன் காரணம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவர் போனபிறகும் அது நிற்காது. கப்பலில் இல்லாத ஒருவருக்காகக் கை தானாக மக்காச்சோளத்தை எடுக்கும், எடுத்தபிறகுதான் அவர் இல்லை என்று உறைக்கும்.

வீட்டில் ஒரு சாவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தட்டு எடுத்து வைக்கும்போது ஒன்று கூடுதலாக வந்துவிடும். துக்கம் நம்மைப் பிடிப்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன இடங்களில். காரியம் முடிந்து உறவெல்லாம் ஊருக்குப் போனபிறகு கடையில் வழக்கம்போல அவருடைய பிஸ்கட் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு நிற்போமே, அந்த இடத்தில். இதைச் சொன்ன கதைகள் நிறைய உண்டு. ஆனால் படிக்கிறவரின் கையையே அந்தப் பழக்கத்துக்குள் இழுத்துவிட்டு, அப்புறம் ஆளை எடுத்துவிடுவது ஒரு கேமால் மட்டும் முடிகிற காரியம்.

அதுல் என்று ஒருவர் வருவார். பெயர் நம் நாட்டுப் பெயர், உருவம் குண்டான ஒரு தவளை. ஸ்டெல்லாவுக்கு மாமா முறை. எப்போதும் சிரிப்பு, எப்போதும் பசி, நேரம் கிடைத்தால் உட்கார்ந்து புல்லாங்குழல் வாசிப்பார், கப்பலில் இருப்பவர்கள் மனசெல்லாம் லேசாகிவிடும். மின்னலை பாட்டிலில் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார், மழையில் ஸ்டெல்லா டெக்கெல்லாம் ஓடிக்கொண்டிருப்பாள். இதைச் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு, அதைச் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார், நீங்களும் செய்துகொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். கடைசியில் எல்லோரும் கூடி உட்கார்ந்து ஒரு விருந்து சாப்பிட வேண்டும் என்பார். அதையும் செய்கிறீர்கள். மறுநாள் அவரைக் காணோம். எவர்டோர் இல்லை, படகுப் பயணம் இல்லை, கடைசிப் பேச்சு இல்லை, கட்டிப்பிடித்தல் இல்லை. கப்பல் முழுக்கத் தேடுவீர்கள். நான் மேல்தளத்திலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தேன், ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன், கேமை மூடித் திறந்தும் பார்த்தேன். பிழை இல்லை. அவர் போய்விட்டார், சொல்லிக்கொள்ளாமல்.

இதற்காக இந்த நிறுவனத்தின்மேல் கோபப்பட்டவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அன்று ராத்திரி கோபம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த கேமில் மிகத் துணிச்சலான இடம் அதுதான். மற்ற எல்லோருக்கும் அழகாக விடை கொடுத்துவிட்டு, எல்லாச் சாவும் இப்படித்தான் நிதானமாக நடக்கும் என்று நம்மை நம்பவைத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். மாரடைப்பில் போனவர்களும் விபத்தில் போனவர்களும் இருக்கும் வீடுகளில் எவர்டோர் என்று ஒன்று கிடையாது. ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் மறுநாள் இல்லை. அந்த வீட்டுக்காரர்களும் இந்த கேமை ஆடுவார்கள் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அடுத்து ஆலிஸ். இந்தப் பகுதியை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆலிஸ் வயதான ஒரு முள்ளெலி. கண்ணாடி போட்ட பாட்டி மாதிரியே இருப்பாள். ஆடு வளர்ப்பது பிடிக்கும், கதைப் புத்தகங்கள் பிடிக்கும், ஸ்டெல்லாவுக்கு விதவிதமாக உடை மாட்டிவிட்டு ஊர் சுற்றிப் பார்ப்பது பிடிக்கும். முதலில் கலகலப்பாகத்தான் போகும். பிறகு ஒருநாள் ஏணி ஏற முடியவில்லை, என் வீட்டைக் கீழே மாற்றிவைக்க முடியுமா என்பாள். கப்பல் வரைபடத்தை எடுத்து, அடுக்கிவைத்த மற்ற வீடுகளையெல்லாம் நகர்த்தி, அவளுடைய குடிலைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் தனியாக நடக்க முடியாது. கப்பலின் முனையில் நின்று கடலைப் பார்க்க ஆசை, அதற்கு நீங்கள் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும், திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து விட வேண்டும். ஸ்டெல்லா வழக்கமாகக் கப்பலில் ஓடுவாள், தாவுவாள், கம்பியில் சறுக்குவாள், இரண்டு நொடியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி போய்விடலாம். ஆலிஸ் கையைப் பிடித்தபிறகு அந்த வேகமெல்லாம் போய்விடும். அவள் நடைதான் உங்கள் நடை. உலையில் ஏதோ உருகிக்கொண்டிருக்கும், வயலில் ஏதோ விளைந்திருக்கும், எல்லாம் காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு ஸ்டெல்லாவை ஆனி என்று கூப்பிட ஆரம்பிக்கிறாள். ஆனி அவளுடைய மகள்.

என் அப்பத்தா கடைசிக் காலத்தில் என்னை இறந்துபோன எங்கள் பெரிய அத்தையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். முதலில் நாங்கள் திருத்தினோம். 'அப்பத்தா, நான் உங்க பேத்தி' என்போம், அவர் முகம் அப்படியே கலங்கிவிடும், யார் வீட்டிலோ வந்து உட்கார்ந்துவிட்டோம் என்பதுபோலச் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொள்வார். பிறகு எங்கள் அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். திருத்தாதீங்க, அத்தையாவே பேசுங்க என்றார். நானும் அத்தையாகவே பேசினேன். கொல்லையில் மாடு கட்டியாச்சா என்று கேட்பார், மாடெல்லாம் விற்றுப் பல காலம் ஆகியிருந்தது, கட்டியாச்சும்மா என்பேன். நிம்மதியாகத் தூங்குவார். ஆலிஸ் ஒரு குறிப்பிட்ட உடையை ஸ்டெல்லா போட்டுக்கொண்டால்தான் அடையாளம் கண்டுகொள்வாள். ஸ்டெல்லாவுக்குப் பேச்சே கிடையாது, அவள் ஒன்றும் விளக்குவதில்லை, உடையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். அந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். கேமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சும்மா பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த அளவு நுணுக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், இதை உருவாக்கியவர்கள் தங்கள் குடும்பத்திலும் நட்பிலும் இழந்தவர்களை வைத்துத்தான் இந்தப் பாத்திரங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். படைப்புக்குத் தலைமை வகித்த நிக்கோலா கெரின் இதை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். தெரிகிறது. கற்பனையில் ஒரு பாட்டியை எழுதினால் ஞாபகம் தவறுவதை எழுதலாம், வீட்டைக் கீழே மாற்றச் சொல்வதை எழுதத் தோன்றாது. பார்த்தவர்களுக்குத்தான் அது வரும்.

சம்மர் என்ற பாம்பின் கதையும் அப்படித்தான். விவசாயம், தியானம் என்று அமைதியாக இருப்பவள். கடலில் டிராகன்கள் வரும், அவற்றின் உடம்பெல்லாம் கற்கள் கட்டிகட்டியாக வளர்ந்திருக்கும், அது வலியில் துடிக்கும், அவள் அதை அமைதிப்படுத்துவாள், நீங்கள் அதன்மேல் ஏறி அந்தக் கற்களை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டி முடித்தால் கொஞ்ச நேரம் நிம்மதி, பிறகு இன்னொன்று. அவளோடு பேசப் பேச இது வெறும் டிராகன் இல்லை என்று புரிந்துவிடும். யாரும் நோயின் பெயரைச் சொல்லி உங்களை அழவைக்க முயல்வதில்லை.

ஸ்டான்லி என்ற சின்னப் பையனைப் பற்றி ஒரு வரிதான் எழுதுவேன். தோட்டத்தில் ஒரு விசித்திரமான விதையை நட்டால் காளானாக முளைத்து வருகிறான், சுவரில் கிறுக்குகிறான், விளையாட்டு அறை கேட்கிறான். அவனையும் எவர்டோருக்கு அழைத்துப்போக வேண்டும். குழந்தையை இழந்தவர்கள் யாராவது இதை வாங்க நினைத்தால் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

எவர்டோர் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே கடல் அசையாது, கண்ணாடி மாதிரி இருக்கும், எல்லாம் சிவப்பு. கப்பலை நிறுத்திவிட்டுச் சின்னப் படகில் அவரையும் பூனையையும் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போடுவாள் ஸ்டெல்லா. துடுப்பு போடப் போட அவர் பேசுவார். சிலர் நன்றி சொல்வார்கள், சிலர் கடைசிவரை யார்மேலோ கோபமாகவே இருப்பார்கள், சிலர் பயப்படுவார்கள். எல்லோரும் சமாதானமாகிப் போவதில்லை, எனக்கு இது முக்கியமாகப் பட்டது. அப்புறம் ஒரு பட்டன்: கட்டிப்பிடி. இந்த கேமில் கட்டிப்பிடிப்பது ஆரம்பத்திலிருந்தே உண்டு, யாரை வேண்டுமானாலும், பூனையைக்கூட. ஒவ்வொருவரும் கட்டிப்பிடிக்கும் விதம் வேறு, கையால் வரைந்த அசைவுகள், உயரமான மான் குனிந்து அணைப்பது ஒரு மாதிரி, குண்டுத் தவளை தூக்கி அமுக்குவது ஒரு மாதிரி. எலினா என்று ஒரு கண்டிப்பான டீச்சர் வருவார், அவர் மட்டும் தொடவே விடமாட்டார், அதையும் மதிக்கத்தான் வேண்டும். நாள் முழுக்க சாதாரணமாக அழுத்தின அதே பட்டனைப் படகில் அழுத்தும்போது விரல் தயங்கும். அழுத்தாவிட்டால் அவர் போக மாட்டார். நானும் ரொம்ப நேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தது உண்டு, கேம் ஒன்றும் சொல்லாது, மேக்ஸ் எல்.எல். என்பவர் அமைத்த இசை மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

இதற்குப் பிறகு வரும் ஒரு சின்ன விஷயத்துக்காகவே இந்த கேமுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஒருவர் போனபிறகு அவருக்காகக் கட்டிய வீட்டை இடிக்க முடியாது. நகர்த்தலாம், ஓரமாக வைக்கலாம், இடிக்க முடியாது. ஆள் குடியிருக்காத வீடாக அது கப்பலில் இருந்துகொண்டே இருக்கும், இடத்தை அடைத்துக்கொண்டு. உள்ளே ஒரு பூ மலர்ந்திருக்கும். கப்பலை மேம்படுத்தும் சில வேலைகளுக்கு அந்தப் பூ தேவைப்படும். நடைமுறையில் பார்த்தால் இது தொந்தரவுதான். புதிதாக வந்தவருக்கு வீடு கட்ட இடம் போதாமல், நாலு காலி வீடுகளை இப்படியும் அப்படியும் அடுக்கி அடுக்கிப் பார்ப்போம். கேம் பாதி தாண்டியபோது என் கப்பலில் ஆள் இருக்கும் வீடுகளைவிட ஆள் இல்லாத வீடுகள் அதிகம். ஒவ்வொரு முறை சமையலறைக்குப் போகும்போதும் க்வெனின், அதாவது முன்பு சொன்ன அந்த மானின், வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. முதலில் கனத்தது. பிறகு பழகியது. பிறகு ஒருநாள் க்வெனின் வீட்டுக் கூரையை, மேலே போகத் தோதாக இருக்கிறது என்று, படிக்கட்டு மாதிரி ஏறித் தாண்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். ஆறுதல் என்று இந்த கேம் தருவது இதைத்தான். யாரும் வந்து உன் துக்கம் தீர்ந்தது என்று சொல்வதில்லை, வேலை போய்க்கொண்டிருக்கிறது, அந்த வீடும் அங்கேயேதான் இருக்கிறது.

துக்கத்தைத் தொட்ட கேம்கள் இதற்கு முன்னாலும் உண்டு. 2016-ல் வந்த 'தட் டிராகன், கேன்சர்' ஒரு அப்பாவும் அம்மாவும் புற்றுநோயில் இறந்த தங்கள் மகனுக்காக உருவாக்கியது. அதை இரண்டாம் முறை திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவு பச்சையான வலி. 2018-ல் பார்சிலோனாவின் நோமாடா ஸ்டூடியோ கொண்டுவந்த 'க்ரிஸ்' வார்த்தையே இல்லாமல், நிறங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைக் கொண்டே கதை சொல்கிறது, பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் அது எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் சொன்ன மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை அப்படியே எடுத்துக்கொள்கிறது. கூப்ளர்-ராஸ் அதைச் சொன்னது சாகப்போகும் நோயாளிகளைப் பார்த்து. அது எல்லாத் துக்கத்துக்கும் படிவரிசையானது பின்னால்தான். நிஜத்தில் ஏற்புக்கு அடுத்த நாளே கோபம் வரும். ஸ்பிரிட்ஃபேரரில் அந்த வரிசை கிடையாது, ஒருத்தருக்கு விடை கொடுத்த கையோடு இன்னொருத்தருக்குக் காபி போட வேண்டியிருக்கும், அடுத்த தீவில் ஏதோ ஒரு கடைக்காரர் வாயடிப்பார், சிரிப்பு வந்துவிடும். சாவு வீட்டில் பின்கட்டில் உட்கார்ந்து சித்தப்பாமார்கள் இறந்தவரின் பழைய கதைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்களே, அதை இங்கேதான் பார்த்தேன்.

பக் என்று ஒருவன் இருக்கிறான், எப்போதும் ஏதாவது ராஜா ராணிக் கதை விளையாட்டிலேயே இருப்பான். அவன் எவர்டோருக்கு வருவதே இல்லை. கடைசிவரை கப்பலில்தான். ஏன் என்று யாரும் கேட்பதும் இல்லை, கட்டாயப்படுத்துவதும் இல்லை.

குறைகளும் இருக்கின்றன. நடுப்பகுதி இழுக்கிறது. ஒரு கட்டத்துக்குமேல் ஒரு வீட்டுக்கு வேண்டிய உலோகத்துக்காக வரைபடத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்க்கொண்டே இருப்போம், கப்பல் மெதுவாகத்தான் போகும், ராத்திரியானால் நின்றுவிடும். சாகிறவர்களுக்குச் செய்யும் பணிவிடையில் இந்த அலுப்பும் அடக்கம்தான் என்று சிலர் வாதாடுவார்கள், எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை, சில இடங்களில் அது வெறும் நீட்டல்தான். எல்லா ஆன்மாக்களுக்கும் ஒரே ஆழம் இல்லை. க்வென், ஆலிஸ், சம்மர், அதுல் இவர்களோடு ஒப்பிட்டால் குஸ்தாவ் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளர் நிறையப் பேசுகிறாரே தவிர மனசில் நிற்கவில்லை. ஜியோவானி என்ற சிங்கம் மனைவியை ஏமாற்றுகிற ஆள், அவருடைய மனைவி அஸ்ட்ரிட் தொழிற்சங்கத்தில் போராடியவர், அவ்வளவு பலமான பெண்மணி, இருவருக்கும் இடையில் இருப்பதை இன்னும் தோண்டியிருக்கலாம், அவசரமாக முடித்துவிட்டார்கள்.

இன்னொன்று, வசனம் நிறைய, அத்தனையும் எழுத்தில், குரல் கிடையாது. பல மொழிகளில் இருக்கிறது, தமிழ் இல்லை. ஆங்கிலம் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தால்தான் முழுசாக உள்ளே போக முடியும். என் அம்மாவுக்கு ஆலிஸ் பகுதியை நான் வாய்விட்டு மொழிபெயர்த்துக்கொண்டே ஆடிக் காட்டினேன், அவர் கடைசிவரை எழுந்து போகவில்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார முடியாது. இங்கே கேம் மொழிபெயர்ப்பில் ஆர்வமுள்ளவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், யாராவது இதைக் கையில் எடுத்தால் நன்றாக இருக்கும்.

கதை முடிவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அவ்வப்போது ஒரு பெரிய ஆந்தை வந்து ஸ்டெல்லாவிடம் பேசும், அவள் யார், உயிரோடு இருந்தபோது என்ன வேலை செய்தாள், அந்த வேலையில் எத்தனை பேருடைய கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தாள் என்பதெல்லாம் துண்டு துண்டாகத் தெரியவரும். சாகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை இந்த கேம் எங்கேயும் உரக்கக் கேட்பதில்லை, ஆனால் மொத்தக் கதையும் அதன்மேல்தான் நிற்கிறது. 2021-ல் இலவசமாகச் சேர்த்த பகுதிகளில் லில்லி என்ற ஸ்டெல்லாவின் சகோதரி வருகிறாள், அதற்குப் பிறகுதான் அந்த முடிவு இன்னும் தெளிவாகிறது. 2021 டிசம்பரில் வந்த 'ஃபேர்வெல் எடிஷன்' எல்லாவற்றையும் சேர்த்தது, இப்போது வாங்கினால் அதுதான் கிடைக்கும். அதில் ஒரு மருத்துவமனைத் தீவும் அங்கே வேலை பார்க்கும் ஜாக்கி என்ற கழுதைப்புலியும் வருவார்கள். பணிவிடை செய்கிறவனின் சலிப்பும் குற்ற உணர்ச்சியும் அவனிடம் அப்படியே இருக்கிறது, அந்தப் பகுதியைத் தவறவிடாதீர்கள்.

வாங்கலாமா என்றால், கண்டிப்பாக வாங்கலாம். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் அடிக்கடி தள்ளுபடியில் வருகிறது, பொறுத்திருந்து வாங்கினால் விலை பெரிதாகத் தெரியாது. பழைய லேப்டாப்பிலும் ஓடக்கூடிய கேம்தான், ஆனால் கன்ட்ரோலர் வைத்து ஆடினால்தான் சுகம். வீட்டில் துக்கம் நடந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால் காத்திருங்கள், குறைந்தபட்சம் தனியாக ஆடாதீர்கள். ஆறுதல் சொல்ல வார்த்தை தெரியாமல் தவிக்கும் நண்பருக்கு அனுப்பிவைப்பதாக இருந்தால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள், திடீரென்று ஆலிஸ் முன்னால் வந்து நின்றால் எல்லோராலும் தாங்க முடியாது. சின்னப் பிள்ளைகள் படங்களைப் பார்த்து ஆசைப்படுவார்கள். பேச்சு பெரியவர்களுக்கானது, சிலர் வாயில் கெட்ட வார்த்தையும் வரும், பக்கத்தில் இருந்து ஆடுங்கள்.

முடிந்தால் இரண்டு பேராக ஆடுங்கள். இரண்டாவது கன்ட்ரோலர் இருந்தால் டாஃபடிலை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம், பூனையாலும் மீன் பிடிக்க முடியும், மரம் அறுக்க முடியும், ஸ்டெல்லா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற முடியும். நான் சொன்ன அந்த நடுப்பகுதி இழுவை இரண்டு பேர் ஆடும்போது பாதியாகக் குறைந்துவிடுகிறது. என் தம்பி அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவனோடு முதலிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன், அதுல் பற்றி அவனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.